சரோஜா அக்கா சமைக்காத கோழி

கல்யாணமாகி மலேசியாவில் கூலிமுக்கு வந்த முதல் மாதம். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். கையில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னச் சீட்டுப் புத்தகங்கள். “அக்கா, கூப்பன் எடுக்கிறிங்களா? ஒரு புக் பத்து வெள்ளி” என்றாள் ஒருத்தி. கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு வெள்ளி என்றால் கிழமை, இல்லாவிட்டால் கொலுசு. பத்து வெள்ளிக்கிழமைக்கு ஏதோ பூஜை நடத்துகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு, “பத்து வாரமும் நான் வரணுமா? எந்தக் கோயில்?” என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இல்லக்கா, ஒரு நாளுதான். எங்க ஸ்கூல்ல. நாசி லெமாக் இருக்கும், மீ கோரெங் இருக்கும்” என்றாள் மற்றவள், எனக்குக் காது மந்தமோ என்ற சந்தேகத்தோடு. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குணா சிரித்துக்கொண்டே வந்து சிவப்பு நோட்டு ஒன்றை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். இந்த ஊரில் ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள் என்பதும், சாப்பாட்டுக்கு முந்தியே சாப்பாட்டுச் சீட்டு வீடு தேடி வந்துவிடும் என்பதும் எனக்கு ஒரே நாளில் தெரிந்த இரண்டு சேதிகள்.

பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இந்த நாட்டில் கூப்பன் இல்லாத மாதத்தை நான் பார்த்ததில்லை. பள்ளி மண்டபத்துக்குக் காற்றாடி வாங்க, பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்ப, கோயில் மேளத்துக்குத் தோல் மாற்ற, எல்லாவற்றுக்கும் யாரோ சமைப்பார்கள், யாரோ சீட்டு விற்பார்கள், யாரோ சாப்பிடுவார்கள். நம் ஊரிலும் வசூல் உண்டு. ஆனால் அது வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, அதட்டலும் சிரிப்புமாகக் கேட்பது. வயதுக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி முன்பின் தெரியாதவரின் வாசலில் நின்று, எங்களை விளையாட அனுப்புங்கள் என்று கேட்பதை என்னால் பார்க்க முடிந்ததே தவிர, ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு என் கூச்சம் புரியும். என்னைப்போல இங்கே வாக்கப்பட்டு வந்த தங்கைகளுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல காரியம்போலத்தான் இருந்தது.

என் மகள் யாழினி நெட்பால் ஆடுகிறாள். ஊரில் அதிகம் ஆடப்படாத ஆட்டம் அது. கூடைப்பந்துபோலத்தான், ஆனால் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது. கைக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும், உடனே இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். கூலிமிலிருந்து செர்டாங் போகிற சாலையில், முன்பு ரப்பராக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டம் இருக்கிறது. குணா பிறந்தது அங்கேதான். அந்தத் தோட்டத்துத் திடலில் பரமேஸ்வரி என்ற பெண் வாரம் மூன்று நாள் பெண்பிள்ளைகளுக்கு நெட்பால் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாருக்கும் பரமேஸ். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் ஷிப்டு வேலை. இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு விசிலோடு வந்து நிற்பாள். சம்பளம் என்று யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுடைய பிள்ளைகள் முதல்முறையாகப் பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கான பெரிய போட்டி ஒன்றில் ஆடத் தகுதி பெற்றார்கள். போட்டி ஜொகூரில், நாட்டின் அந்தக் கோடி. பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. பெற்றோர் கூட்டத்தில் பரமேஸ் சொன்னாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலில் சாப்பாட்டுச் சந்தை போடலாம், கூப்பன் விற்கலாம் என்று. கோழிப் பிரட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உடனே கை தூக்கியவர் சரோஜா அக்கா. தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். அவர் மகள் கவிதாதான் குழுவில் கோல் போடுகிறவள். கைக்குப் பந்து வந்தால் வளையத்தைப் பார்க்கக்கூட மாட்டாள், பந்து தானாக உள்ளே விழும். அவளுக்கு அந்த வருஷம் பதினைந்து. அடுத்த வருஷம் இந்தப் போட்டியில் ஆட முடியாது.

கூட்டம் முடிந்ததும் நான் பரமேஸைத் தனியாகப் பிடித்தேன். “கோழி, அரிசி, கேஸ், எல்லாம் போக என்ன மிஞ்சும்? எட்டுப் பேர் ரெண்டு நாள் கிடந்து சமைக்கணும். அதுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சிடுமே” என்றேன்.

“போடலாம் லா கா. ஆனா போடற அளவுக்கு எல்லார்கிட்டயும் காசு இல்ல. கோழி சமைக்க எல்லாருக்கும் தெரியும்” என்றாள் அவள், இந்த ஊர்ப் பேச்சில் எதிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த லாவோடு.

அந்தப் பதிலை நான் காதில் வாங்கவே இல்லை. சிக்கனம் தெரியாதவர்கள் என்றுதான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். கூலிமில் நல்ல வாடிக்கை உண்டு. அந்த வாரம் அளவு கொடுக்க வந்த டாக்டர் ஒருவரின் மனைவி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உங்க பொண்ண பாசார்ல பாத்தேன். போறவுங்க வர்றவுங்க கிட்ட எல்லாம் டிக்கெட் வித்துக்கிட்டு நின்னுச்சி. வீட்ல ஏதும் சுசாவா?” சுசா என்றால் மலாயில் கஷ்டம். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லை, சும்மா பிள்ளைகளோடு சேர்ந்து ஏதோ, என்று உளறினேன்.

எனக்குப் பதிமூன்று வயதில் நடந்தது ஒன்று உண்டு. பள்ளியில் நான் பூப்பந்து ஆடுவேன். மண்டலப் போட்டிக்குத் திருநெல்வேலி போகவேண்டும் என்று எங்கள் விளையாட்டு டீச்சர் ஐந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். உண்டியலாக ஒரு பால்பவுடர் டப்பா. மூடியில் ஓட்டை போட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரை ஒட்டியிருந்தோம். டப்பா என் கையில்தான் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு வெற்றிலைக் கடைக்காரர் சில்லறை போட்டுவிட்டு, “ஜெயிச்சு வாங்க தாயி” என்றுகூடச் சொன்னார். அப்போது தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்த அப்பா சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்தார். இறங்கினார். சட்டைப் பையில் இருந்த நோட்டையெல்லாம் எடுத்து டப்பாவுக்குள் திணித்து, டப்பாவை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, “எம் மக கடை கடையாக் கை நீட்டவா நான் உசிரோட இருக்கேன்? நட வீட்டுக்கு” என்றார். அடிக்கவில்லை. வழியில் பால்பன் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குழு என் இடத்தில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு, என் அப்பாவின் பணத்தில்தான் திருநெல்வேலி போனது. அதற்குப்பிறகு அந்த நான்கு பிள்ளைகளும் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நானும் மட்டையைத் தொடவில்லை. அப்பா என்மேல் வைத்திருந்த பாசத்துக்கு அதைத்தான் உதாரணமாக இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அந்த நான்கு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதில்லை.

டாக்டர் மனைவி போனதும் ஊருக்குப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்தேன். தையல் காசு, நானே சம்பாதித்தது. ஒரு உறையில் போட்டு பரமேஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “டவுன்ல ஒரு முதலாளி. பிள்ளைகள் போறதுக்கு முழுச் செலவும் தரேன்னுட்டார். பேர் மட்டும் வெளிய தெரியக்கூடாதாம்” என்றேன். என் பணம் என்று சொன்னால் மற்றவர்களைச் சிறுமைப்படுத்துவதுபோல ஆகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் பணம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

பரமேஸ் உறையைத் திறந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “கோழி சொல்லியாச்சே கா” என்றாள். நான்தான் வற்புறுத்தினேன். பிள்ளைகள் அலையாமல் பயிற்சி செய்யட்டும், விற்ற கூப்பனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொன்னபோது சிலர் கை தட்டினார்கள். சரோஜா அக்கா கை தட்டவில்லை. “நான் வித்ததுல பாதி கூட வேல செய்ற பங்களாதேஷ் பசங்களுக்கும், எங்கள வேல வாங்கற மலாய்க்கார மண்டோருக்கும் வித்தது. இப்ப போயி, ஒங்க காசு வேணாம்னு திருப்பிக் குடுக்கறதா?” என்றார். யாரிடமும் கோபமாகச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். “மாலு லா.”

மாலு என்ற சொல்லுக்கு அதுவரை நான் கூச்சம் என்றே பொருள் வைத்திருந்தேன். பிள்ளைகள் மேடை ஏறச் சொன்னால், மாலு ஆண்ட்டி, என்று நெளிவார்கள். அன்றைக்குச் சரோஜா அக்கா சொன்னபோது அதில் இருந்தது கூச்சம் இல்லை, அவமானம். ஆனாலும் நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பணம் மிச்சமானதற்கு இவர் ஏன் வருத்தப்படுகிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே டாக்டர் மனைவி தைத்த ரவிக்கையைப் போட்டுப்பார்க்க வந்தார். முதுகுப் பக்கம் சற்றுத் தளர்வாக இருந்தது. வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். “அந்தத் தோட்டத்து கோச் இருக்குல்ல, பரமேஸ், அது கதை தெரியுமா?” என்று ஆரம்பித்தார். யாரோ ஒரு முதலாளி அள்ளிக் கொடுத்திருக்கிறானாம். பேர் சொல்ல மாட்டானாம், மூஞ்சியைக் காட்ட மாட்டானாம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஒருத்தன் எதற்கு இவ்வளவு பணம் கொடுப்பான்? அதுவும் வயசுப் பிள்ளைகளை ஜொகூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக? “தோட்டத்துல அப்படித்தான் பேசிக்கிறாங்களாம். என் வீட்டு வேலைக்கு வர்ற பொம்பள சொல்லுச்சி” என்றார்.

வாயில் குண்டூசி இருந்தது. நாலு ஊசியையும் துப்பிவிட்டு, அது நான் கொடுத்த பணம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒவ்வொன்றாக எடுத்து அவர் முதுகுத் துணியில் குத்தினேன். முடித்ததும், “கை தூக்கிப் பாருங்க, இழுக்குதா?” என்று கேட்டேன்.

அந்த வாரமே சரோஜா அக்கா கவிதாவைப் பயிற்சிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். இன்னொரு பிள்ளையின் அப்பாவும் நிறுத்தினார். யாழினி அழுதுகொண்டு வந்தாள். “கவி இல்லாம யாரும்மா கோல் போடறது? அவங்கம்மா சொல்லிட்டாங்களாம், தெரியாத ஆம்பள காசுல எம் பொண்ணு பஸ் ஏற வேணாம்னு.” இதில் சரோஜா அக்காவை ஒரு சொல் குறை சொல்ல முடியுமா? என் மகளுக்கென்று முகம் தெரியாத ஒருவன் உறை கொடுத்தனுப்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? என்னை மறைத்துக்கொள்ள நான் செய்துவைத்த அந்த முதலாளிக்கு, ஊர் உடம்பு கொடுத்து, மீசை வைத்து, பரமேஸின் பக்கத்தில் நிறுத்திவிட்டது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஒரு நாள் மாலை தோட்டத்துக்குப் போனேன். சரோஜா அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். காலுறையும் பூட்ஸும் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. முழங்கை வரை செம்பனை முள் கீறிய கோடுகள். “வாங்க வாங்க, பசியாறிட்டிங்களா?” என்றார். சாப்பிட்டாயா என்பதை இங்கே இவர்கள் பசியாறினாயா என்று கேட்கிறார்கள். எத்தனை அழகான கேள்வி! தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தது. கவிதா உள்ளே எதையோ மடித்துவைத்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்க்கவில்லை. நான் மழையைப் பற்றிப் பேசினேன். தீபாவளிக்கு ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்றேன். “கவிதாவை அனுப்பலாமே அக்கா, பரமேஸ் நல்ல பொண்ணு” என்றும் சொன்னேன்.

“பரமேஸ் நல்ல பொண்ணுதான். நான் அத சொல்லல. எங்க கிட்ட கேட்டிருந்தா நாங்க கோழி விப்போம், கறி விப்போம், என்னாவாவது செஞ்சி அனுப்பிச்சிருப்போம். யாரோ ஒருத்தன், இவுங்க கிட்ட கேக்காத, நான் குடுக்கறேன்னு சொன்னா, அவன் எங்கள என்னான்னு நெனச்சிக்கிட்டான்?” என்றார் அவர். பிறகு என் கோப்பையைப் பார்த்துவிட்டு, “ஆறிப் போச்சி, வேற ஊத்தவா?” என்றார்.

அதைவிட நல்ல தருணம் எனக்கு அமைந்திருக்காது. நான் எழுந்து, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குணாவிடம் சொல்லிவிட்டேன். பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. “நான் ஸ்கூல்ல பந்து ஆடனப்ப அலோர் ஸ்டார் போறதுக்கு யாரு காசு குடுத்தா தெரியுமா? சம்பள நாள்ல ஆபிஸ் வாசல்ல பொம்பளைங்க வடை சுட்டு வித்தாங்க. அஞ்சலை அக்கா இன்னைக்கும் என்னைப் பாத்தா, ‘எங்க வடையில ஓடுன காலு’ன்னு சொல்லும். நாப்பத்தஞ்சி வயசாச்சி எனக்கு” என்றார். “நீ குடுத்தது தப்பில்ல. ஆனா நீ எங்கள பாத்து வெக்கப்பட்டிருக்க. அதான் எனக்கு...” என்று நிறுத்திக்கொண்டார். எங்களை என்றார். பதினாறு வருஷத்தில் எனக்கும் அவருக்கும் நடுவே அந்த எங்களை வந்தது அன்றுதான்.

அப்படியும் நான் சொல்லவில்லை. போட்டிக்கு ஐந்தே நாள் இருந்தது, இப்போது சொன்னால் எல்லாம் குழம்பிவிடும், வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கோழையின் கணக்குக்குக் காரணம் கிடைக்காமலா போகும்?

மாற்று ஆள் இல்லாமல் சரியாக ஏழு பிள்ளைகளோடு ஜொகூர் போனோம். துணைக்கு வந்த இரண்டு அம்மாக்களில் நானும் ஒருத்தி. கவிதாவின் இடத்தில் யாழினி கோல் போட நின்றாள். பந்து அவளிடம் அழகாக வந்து சேர்ந்தது, ஒவ்வொரு முறையும். அவள் குறி பார்ப்பாள், பந்து வளையத்தில் மோதி வெளியே போகும். பிள்ளைகள் யாரும் அவளைத் திட்டவில்லை. “தக் அப்பா யாழி, தக் அப்பா” என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். பரவாயில்லை என்று பொருள். எதிர்க் குழுவுக்கு வரிசையாக ஆட்கள் நின்று கொட்டடித்தார்கள். எங்கள் பக்கம் நானும் இன்னொரு அம்மாவும் மட்டும். சாப்பாட்டுச் சந்தை நடந்திருந்தால் தோட்டத்திலிருந்து பாதிப்பேர் இன்னொரு பஸ் பிடித்து வந்திருப்பார்கள் என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார். மூன்று ஆட்டமும் தோற்றோம்.

கடைசி ஆட்டம் முடிந்து பிள்ளைகள் குளிக்கப் போயிருந்தார்கள். பரமேஸ் குழாயடியில் தண்ணீர்ப் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் ஒன்றை எடுத்தேன். “கா, ஒரு ஹெல்ப். அந்த முதலாளிய ஒரே ஒரு தடவ தோட்டத்துக்கு வரச் சொல்றிங்களா? வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போனா போதும். எங்கம்மா என்கிட்ட பேசி ரெண்டு வாரமாச்சி” என்றாள், தலை நிமிராமல்.

“முதலாளின்னு யாரும் இல்ல பரமேஸ். நான்தான்.”

அவள் குழாயை மூடினாள். “ஏன் கா?”

“பிள்ளைங்க கூப்பன் வித்துக்கிட்டு நிக்கிறது எனக்கு... மாலு.” அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை.

“பிச்ச எடுக்கறோம்னு நெனச்சிங்களா?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. “ஆமா” என்றேன்.

அவள் அழுவாள் என்று பயந்தேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. கழுவிய போத்தல்களை ஒவ்வொன்றாகக் கூடையில் கவிழ்த்து வைத்தாள். “என்கிட்ட சொல்லி என்னா செய்றது? தோட்டத்துல சொல்லுங்க கா. எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க” என்றாள். திரும்பிப் பார்த்தால் யாழினி துண்டோடு எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. எங்கள் கெடா மாநிலம் வந்து சேரும்வரை அவளுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூஜை முடிந்து, கொண்டைக்கடலைக்காக எல்லாரும் நின்றுகொண்டிருந்தபோது சொன்னேன். தயார் செய்துகொண்டு போன வாக்கியம் எதுவும் வரவில்லை. அந்தப் பணம் என்னுடையது, பரமேஸுக்கு எதுவும் தெரியாது, நான் பொய் சொன்னேன், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பரமேஸின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர், “நல்லதுதான செஞ்சிருக்கு, ஏன் ஒளிச்சி வைக்கணும்?” என்றார். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் முடியவில்லை. சொல்லாமலே புரிந்துகொண்டவர் சரோஜா அக்கா. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் வூட்ல வந்து தேத்தண்ணி குடிச்சிங்களே. அன்னைக்கே சொல்லியிருந்தா என் மக போயிருக்கும்” என்றார். அவ்வளவுதான். பிறகு தொன்னையில் கொண்டைக்கடலையை வாங்கி என் கையில் வைத்துவிட்டுப் போனார். கடைசியாக வெளியே வந்த கவிதாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் சங்கடப்படுவார்களே, அப்படிச் சங்கடப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டே, “தக் அப்பா, ஆண்ட்டி” என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் ஒருநாள் மறந்திருப்பேன்.

பிள்ளைகளின் விளையாட்டுக்கு இப்படி ஊரெல்லாம் வசூல் செய்வது தகுமா என்று நாம் இரண்டு கரையிலும் பேசிக்கொண்டேதான் இருப்போம். எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. பட்டணத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே பஸ் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் ஒரு ஆட்டம் ஆட முந்நூறு பேருக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது என்பதில் ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்த அநியாயத்துக்காக நான் கோபப்பட்டிருந்தால் எங்காவது மனு எழுதியிருப்பேன், யார் கதவையாவது தட்டியிருப்பேன். நான் கோபப்படவில்லை. வெட்கப்பட்டேன். மேலே பார்க்காமல், கீழே இருப்பவர்களைப் பார்த்து. கோழிப் பிரட்டல் விற்று மிஞ்சுவது அதிகமில்லை என்று நான் போட்ட கணக்கு சரிதான், இன்றைக்கும் சரிதான். ஆனால் அந்தக் கோழியைத் தின்ற ஒவ்வொருவரும் கவிதா எறிகிற பந்தை வளையம்வரை கண்ணால் கொண்டுபோய் விடுவார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. என் அப்பா டப்பாவுக்குள் திணித்த நோட்டும் இப்படித்தான். டப்பா நிறைந்தது, அந்த வெற்றிலைக் கடைக்காரரின் வாழ்த்து அவர் கடை வாசலோடு மறந்துபோனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் இதைப் போனில் சொல்லலாமா என்று நினைத்தேன். எண்பது வயது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் சாப்பாட்டுச் சந்தை நடந்தது. என்னை யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானாகப் போய் வெங்காயம் உரித்தேன். எனக்குக் கொஞ்சம் தள்ளித்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. வந்த பணம் ஜொகூருக்குப் போதவில்லை. கெடாவுக்குள்ளேயே யான் என்ற ஊரில் ஒரு சின்னப் போட்டிக்குத்தான் போக முடிந்தது.

குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில், நாலு பக்கமும் வயல், நடுவில் ஒரு பள்ளித் திடல். தோட்டத்திலிருந்து ஒரு லாரியும் ஏழெட்டுக் கார்களும் வந்திருந்தன. சரோஜா அக்கா, தன் மகள் ஆடாத ஆட்டத்துக்கு, பெரிய பாயும் பிளாஸ்க்குமாக வந்திருந்தார். கவிதா வரவில்லை. பரமேஸ் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் தலையசைத்தாள், எனக்கும் அசைத்தாள், எல்லாருக்கும் அசைத்த அளவு. நான் பாய்க்கும் எங்கள் காருக்கும் நடுவே, எங்கே நிற்பது என்று தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் கோல் விழுந்தபோது பாயிலிருந்தவர்கள் எழுந்து கத்திவிட்டு உட்கார்ந்தார்கள். உட்காரும்போது சரோஜா அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் தட்டி, “நின்னுக்கிட்டே இருந்தா பின்னால உள்ளவுங்களுக்கு எப்படித் தெரியும்? ஒக்காருங்க லா” என்றார்.

உட்கார்ந்தேன். பாயில் என் பாதிக்குத்தான் இடம் இருந்தது. மீதி, ராத்திரி மழையில் ஊறிய புல்லில் இருந்தது. புடவையில் ஒரு பக்கம் ஈரம் ஏறுவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நகரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுந்திருக்கவும் மனமில்லை. அப்படியே உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கத்தினேன்.